எந்த எண்ணெய் என்று கேட்கும் முன் எத்தனை பாக்கெட் என்று எண்ணுங்கள்

ரத்தப் பரிசோதனைத் தாளில் கொலஸ்ட்ரால் வரி தடித்த எழுத்தில் வந்துவிட்டால் வீட்டில் எழும் முதல் கேள்வி, "எந்த எண்ணெய்க்கு மாறலாம்?" என்பதுதான். ரீஃபைண்டிலிருந்து செக்குக்கு மாறுவார்கள், செக்கிலிருந்து ஆலிவுக்கு மாறுவார்கள், கடைசியில் யாரோ சொன்னதைக் கேட்டுத் தேங்காய் எண்ணெய்க்கு வந்து சேர்வார்கள். இத்தனை மாற்றத்திலும் மளிகைச் சீட்டில் எண்ணெய்க்கு நேரே இருக்கும் எண் மட்டும் மாறாது. மாற வேண்டியது முதலில் அந்த எண்தான்.

கணக்கு இதுதான். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ இல்லை. சுமார் 910 கிராம். செக்கில் ஆட்டியதோ ஆலையில் சுத்திகரித்ததோ, எந்த எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரி. அரிசி, பருப்பின் மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 தான். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு வகுத்த மாதிரித் தட்டில் சமையல் கொழுப்புக்கு 27 கிராம் ஒதுக்கியிருக்கிறது. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மாதம் 27 × 4 × 30 = 3240 கிராம், அதாவது மூன்றரை லிட்டர். நெய், வெண்ணெய் எல்லாம் இதற்குள்தான் அடக்கம். அதே வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் தீர்ந்தால் தலைக்கு நாளுக்கு 38 கிராம் ஆகிறது. கூடுதலான 11 கிராம் என்பது நூறு கலோரி. ஒரு சப்பாத்தியைத் தினமும் தெரியாமல் விழுங்குவது போல. விளக்குக்கும் தலைக்கும் போகும் நல்லெண்ணெயைக் கழித்துவிட்டுக் கணக்குப் பாருங்கள். வெளியில் சாப்பிடும் பஜ்ஜியும் பரோட்டாவும் இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அளப்பதற்கு இருமல் மருந்து பாட்டிலோடு வரும் சின்ன அளவு மூடி போதும். அதில் 5, 10 மில்லி கோடுகள் இருக்கும். வீட்டில் எண்ணெய்க்கு எடுக்கும் கரண்டியில் தண்ணீரை நிரப்பி, அந்த மூடியில் ஊற்றி அளந்து பாருங்கள். "ஒரு ஸ்பூன்தான் விடுகிறேன்" என்று சொல்லப்படும் ஸ்பூன் பல வீடுகளில் 12, 15 மில்லி பிடிக்கும். தேக்கரண்டி 5 மில்லி. அதில் நாலரை கிராம், நாற்பது கலோரி. ஆக ஒருவருக்கு நாளைக்கு ஆறு தேக்கரண்டி, நான்கு பேருக்கு 120 மில்லி. இந்த 120 மில்லியைக் காலையில் ஒரு சிறு பாட்டிலில் ஊற்றி வைத்து, அன்றைய சமையல் முழுவதையும் அதிலிருந்தே முடிப்பது நல்ல பயிற்சி. முதல் வாரம் மதியத்துக்குள் பாட்டில் காலியாகிவிடும். எங்கே போனது என்று அப்போதுதான் தெரியும்.

பெரும்பாலும் இட்லிப் பொடியில் போயிருக்கும். பொடிக்கு நடுவே குழி செய்து ஊற்றும் நல்லெண்ணெய் சுலபமாக ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி வரும். ஒரு ஆளின் அன்றைய ஒதுக்கீட்டில் பாதி அங்கேயே முடிந்தது. பொடியைத் தனியாகத் தட்டில் போடாமல், நான்கு இட்லியைத் துண்டாக்கி ஒரு தேக்கரண்டி எண்ணெயும் பொடியும் சேர்த்துப் பிரட்டினால் எல்லாத் துண்டிலும் படும், சுவையும் குறையாது. அடுத்தது தோசை. சுற்றி ஒரு கரண்டி விடுவதற்குப் பதிலாக, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்த்தால் கால் பங்கு போதும். கல் பழகியிருக்க வேண்டும். பழகாத கல்லில் இதைச் செய்து மாவு ஒட்டிக்கொண்டதும் "எண்ணெய் இல்லாமல் முடியாது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

குழம்பில் சிக்கல் வேறு மாதிரி. "எண்ணெய் பிரிந்து வரும் வரை வதக்கு" என்பது நம் சமையலின் அடிப்படை விதி. வெங்காயம், தக்காளியில் உள்ள தண்ணீர் வற்றிவிட்டது என்பதற்கான அடையாளம் அது. எண்ணெயைக் குறைத்தால் பிரிய எண்ணெயே இருக்காது. ஆகவே அந்த அடையாளத்தை நம்பி நின்றால் மசாலா கருகும், இல்லையென்றால் பயந்து இன்னொரு கரண்டி ஊற்றுவோம். வேறு அடையாளங்கள் இருக்கின்றன: சலசலப்புச் சத்தம் குறைந்து நின்று பொரியும் சத்தம் வரும், விழுது சட்டியின் ஓரத்தை விட்டு ஒன்றாகத் திரளும், தக்காளியின் பச்சை வாடை போயிருக்கும். அடிப்பிடிக்கத் தொடங்கினால் எண்ணெய்க்குப் பதில் இரண்டு ஸ்பூன் வெந்நீர் தெளித்துக் கிளறலாம். உருளைக்கிழங்கு, வாழைக்காய் வறுவலுக்கு முக்கால் பதம் ஆவியில் வேகவைத்துவிட்டால் கால் கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டியில் மொறுமொறுப்பு வந்துவிடும். கத்தரிக்காய் பஞ்சு மாதிரி. பச்சையாக எண்ணெயில் போட்டால் ஊற்றியதெல்லாம் உள்ளே போகும். அதையும் ஆவி காட்டியே போட வேண்டும். எண்ணெயைக் குறைக்கக் கூடாத ஓர் இடம் ஊறுகாய். அங்கே மேலே நிற்கும் எண்ணெய் காற்றைத் தடுக்கிறது. குறைத்தால் பூஞ்சை பிடிக்கும். பாட்டிலில் முழுக்க விட்டு, பரிமாறும்போது வடித்து எடுப்பதே வழி.

இதைப் படித்துவிட்டு எண்ணெயே இல்லாத சமையலுக்குப் போகிறவர்களும் உண்டு. அது தேவையில்லை. வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. முருங்கைக்கீரையிலும் கேரட்டிலும் உள்ள பீட்டா கரோட்டின் குடலில் உறிஞ்சப்பட அந்த வேளை உணவில் கொஞ்சமாவது கொழுப்பு வேண்டும். வெறும் தண்ணீரில் வெந்த கீரையை மசித்துச் சாப்பிட்டால் அதில் ஒரு பகுதி வீண். லினோலிக், ஆல்ஃபா லினோலெனிக் என்ற இரு கொழுப்பு அமிலங்களை நம் உடலால் செய்துகொள்ள முடியாது. சாப்பாட்டில்தான் வந்தாக வேண்டும். கொழுப்பு அறவே நீக்கிய உணவில் வளர்ந்த எலிகளுக்குத் தோல் செதில் செதிலாகி, வளர்ச்சி நின்றுபோனதைப் அமெரிக்க ஆய்வாளர்களான பர் தம்பதி 1929-இல் காட்டிய பிறகுதான், கொழுப்பு வெறும் எரிபொருள் இல்லை என்பது உறுதியானது. நடைமுறையில் இன்னொன்றும் நடக்கும். எண்ணெய் இல்லாத சாப்பாடு வயிற்றில் நிற்காது. பதினோரு மணிக்கே பசிக்கும். அந்தப் பசி பிஸ்கட்டில் போய் முடியும். எண்ணெயை நீக்கி அந்த இடத்தில் வெள்ளைச் சோற்றையும் மைதாவையும் வைப்பவருக்கு ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறும்.

கண்ணுக்குத் தெரியாத கொழுப்பையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். துருவிய தேங்காயில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. ஆளுக்கு ஒரு கரண்டி சட்னியில் ஐந்தாறு கிராம் வந்துவிடும். நிலக்கடலையில் ஏறத்தாழ பாதி. பால் பாக்கெட்டில் கொழுப்பு சதவீதம் அச்சிட்டே இருக்கும்: சமன்படுத்திய பால் 3, நிலைப்படுத்திய பால் 4.5, நிறைகொழுப்புப் பால் 6. ஒருவர் நாளுக்கு அரை லிட்டர் குடித்தால் முதலாவதில் 15 கிராம், கடைசியில் 30 கிராம். எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அளந்துவிட்டு நிறைகொழுப்புப் பாலில் மூன்று வேளை காபி போடும் வீடுகள் நிறைய. "கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்" என்று பாக்கெட்டில் இதயம் வரைந்து விற்பதில் பொய் இல்லை, ஆனால் பெருமையும் இல்லை. கொலஸ்ட்ரால் விலங்குணவில்தான் இருக்கும். எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லும்படி இருக்காது.

வகைக்கு வருவோம். ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல்லை உயர்த்துவது நிறைவுற்ற கொழுப்பு; அதன் இடத்தில் நிறைவுறாக் கொழுப்பு (இதில் ஒற்றை நிறைவுறா, பல்நிறைவுறா என இரு வகை) வந்தால் எல்டிஎல் குறையும். இந்த அளவுகோலில் தேங்காய் எண்ணெய் சுமார் 90 சதவீதம் நிறைவுற்றது. நெய் 60-ஐத் தாண்டும். பாமாயில் 40-ஐ ஒட்டி நிற்கும். தவிட்டு எண்ணெயும் கடலை எண்ணெயும் 20 அளவில், நல்லெண்ணெய் 15, சூரியகாந்தி 11. கடலை எண்ணெயில் பாதியளவு ஒற்றை நிறைவுறா வகை. நல்லெண்ணெயில் ஒற்றை நிறைவுறா வகையும் பல்நிறைவுறா வகையும் ஏறக்குறைய சம பங்கு. சூரியகாந்தியில் பல்நிறைவுறா வகை அறுபதுக்கு மேல். தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் நல்ல கொலஸ்ட்ராலையும் சேர்த்தே உயர்த்துகிறது என்பது உண்மை. ஆனால் மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் எல்டிஎல்லும் உயர்கிறது என்பதும் உண்மை. எல்டிஎல் ஏற்கெனவே அதிகமாக இருப்பவர் அவியலுக்கு மேலே ஒரு தேக்கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெய் விட்டுக்கொள்ளலாம். எல்லாச் சமையலுக்கும் அதையே வைத்துக்கொள்வது சரியில்லை. ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலை விஷம் போலப் பேசுவதும் எனக்கு உடன்பாடில்லை. பொரிப்பதற்கு அது தாங்கும் எண்ணெய். அதை மட்டுமே நம்பாமல், தாளிக்கவும் வதக்கவும் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ வைத்துக்கொண்டால் போதும். இரண்டு, மூன்று எண்ணெய்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள் என்று சொல்வதன் பொருள், ஒவ்வொன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டும் என்பதுதான். ஆனால் மூன்று எண்ணெய் வாங்கி மூன்றையும் தாராளமாக ஊற்றினால், பழைய கதைதான்.

எண்ணெய் கெடுவது பெரும்பாலும் பொரிக்கும் சட்டியில். அங்கே மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. வடையிலிருந்து வெளிவரும் தண்ணீர் கொழுப்பை உடைத்துத் தனிக் கொழுப்பு அமிலங்களை விடுவிக்கிறது. அதனால்தான் இரண்டாம் முறை அதே எண்ணெய் சீக்கிரமே புகைகிறது. மேற்பரப்பில் படும் காற்று எண்ணெயை ஆக்சிஜனேற்றம் செய்து ஆல்டிஹைடுகளை உண்டாக்குகிறது. சிக்கு வாடையும் கண் எரிச்சலும் அதிலிருந்து வருபவை. மூன்றாவதாக, உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று பிணைந்து எண்ணெய் பாகு மாதிரி கெட்டியாகிறது; சட்டியின் விளிம்பில் பிசுபிசுவென்று பழுப்பு நிறத்தில் ஒட்டி, சோப்பு போட்டாலும் போகாத படிவம் இதுதான். பல்நிறைவுறா வகை கூடுதலாக உள்ள எண்ணெய் இவற்றில் பின் இரண்டுக்கும் எளிதில் ஆட்படும். சூரியகாந்தியைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது ஆகாது என்பதற்குக் காரணம் அதுவே. பொரிக்கக் கடலை, தவிடு, பாமாயில் இவற்றில் ஒன்று, அதுவும் சுத்திகரித்தது. செக்கு எண்ணெயில் பசைப்பொருளும் பருப்புத் துகளும் இருப்பதால் நுரைத்துப் பொங்கும், சீக்கிரம் புகையும். ஒரு நெல்லிக்காய் அளவு புளியைப் போட்டு நுரையைத் தணிக்கும் வழக்கம் உண்டு. புகைவதை அது தடுக்காது.

சட்டி அகலமாக இருக்க வேண்டாம். குழிவான சிறு வாணலியில் 300 மில்லி ஊற்றி நான்கு நான்காகப் பொரித்தால் காற்றுப் படும் பரப்பும் குறைவு, கடைசியில் மிஞ்சும் எண்ணெயும் குறைவு. ஈயம் பூசாத பித்தளைச் சட்டி வேண்டாம். செம்பு எண்ணெயைக் கெடுக்கும் வேகத்தைக் கூட்டும். சூடு 170 முதல் 180 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லையென்றால் ஒரு சொட்டு மாவு விடுங்கள். அடியிலேயே கிடந்தால் காயவில்லை. உடனே சுற்றிலும் குமிழி விட்டு இரண்டு மூன்று நொடியில் மேலே வந்தால் சரி. வந்தவுடனே சிவந்தால் அதிகம், தீயை அணைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். சூடு போதாத எண்ணெயில் மேல்தோல் உருவாகத் தாமதமாகும், பண்டம் நீண்ட நேரம் ஊறும். ஒரே சமயத்தில் நிறையப் போட்டாலும் சூடு இறங்கி இதேதான் நடக்கும்.

எண்ணெயின் பெரும் பகுதி பண்டத்துக்குள் போவது பொரியும்போது இல்லை, வெளியே எடுத்த பிறகுதான். பொரியும்வரை உள்ளிருந்து ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். எடுத்ததும் ஆவி குளிர்ந்து சுருங்கும். மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே ஜல்லிக்கரண்டியில் எடுத்து, வாணலிக்கு மேலேயே பத்துப் பதினைந்து நொடி உதறி, கம்பி வடிதட்டில் நிற்க வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் பாத்திரத்தில் குவித்தால் அடியில் உள்ளவை எண்ணெயில் குளிக்கும். மாவிலும் கவனம் வேண்டும். உளுந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊறினாலோ தண்ணீர் கூடினாலோ வடை எண்ணெய் குடிக்கும். ஆப்பசோடா போட்டால் துளைகள் பெருகி இன்னும் குடிக்கும். பஜ்ஜி மாவில் கொஞ்சம் அரிசி மாவு சேர்ப்பது மொறுமொறுப்பையும் தரும், எண்ணெயையும் குறைக்கும். எவ்வளவு உள்ளே போனது என்று அறிய ஆசைப்பட்டால், எண்ணெயைப் பொரிக்கும் முன்பும், ஆறிய பின்பும் தராசில் வையுங்கள். 300 கிராம் ஊற்றி 220 மிஞ்சினால், எண்பது கிராம் பண்டத்தோடு போய்விட்டது. சாப்பிட்ட ஆட்களால் வகுத்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சியதை என்ன செய்வது? கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அடியில் கிடக்கும் கருகிய துகள்தான் மிச்ச எண்ணெயை முதலில் கெடுக்கும். மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் தாளிக்கவும் வதக்கவும் தீர்த்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வேண்டாம். புது எண்ணெய்க்குள் ஊற்றிவிடவும் கூடாது. பழையதில் உள்ள சிதைவுப் பொருள்கள் புதியதையும் விரைவில் கெடுக்கும். கறுத்து, கெட்டியாகி, சூடேறும்போதே நுரைத்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். தொட்டிக் குழாயில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். பழைய செய்தித்தாளில் உறிஞ்சவிட்டுக் குப்பையில் போடலாம். கடைகளுக்கு இதில் சட்டமே உண்டு: 2018 ஜூலை முதல், சிதைவை அளக்கும் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் விதி. நாளுக்கு ஐம்பது லிட்டருக்கு மேல் பொரிக்கும் கடைகள் பதிவேடு வைக்க வேண்டும். வாடிக்கையாளர் கையில் அதற்கான கருவி இல்லை. சட்டிக்கு மேலே தொடர்ந்து நீலப்புகை எழுந்தால், அல்லது பஜ்ஜி தின்ற நாக்கில் காறலாக ஒட்டினால், அந்தக் கடையைக் கடந்துபோவதே நல்லது.

செக்கு எண்ணெய் வாங்குபவர்களுக்கு எளிய ஒரு கணக்கு உதவும். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டே கால் முதல் இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். நல்லெண்ணெய்க்கு எள்ளும் ஏறத்தாழ அவ்வளவே, ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பார்கள். தேங்காய் எண்ணெய்க்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் கொப்பரை. பிண்ணாக்கு விற்ற காசைக் கழித்த பிறகும் பருப்பு விலைக்குக் கீழே எண்ணெய் விலை இருந்தால், அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. செக்கில் மணமும் வைட்டமின் ஈயும் தங்கும்; நல்லெண்ணெயில் உள்ள செசமால் போன்றவை அதைச் சிக்கு பிடிக்காமல் காக்கும். கலோரி மட்டும் ஒரு துளியும் குறையாது. கடலையில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: பூஞ்சை பிடித்த பருப்பில் அஃப்லாடாக்சின் என்ற நச்சு இருக்கும். ஆலையில் காரத்தால் சுத்திகரிக்கும்போது அது நீங்கிவிடும், செக்கில் நீங்காது. சொந்தமாக ஆட்டக் கொடுப்பவர்கள் சுருங்கியதையும் கறுத்ததையும் பொறுக்கிவிட்டு, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்துக் கொண்டுபோக வேண்டும். எண்ணெய் வந்தபின் கசடு தெளியவிட்டு, இருட்டான இடத்தில், கழுத்துவரை நிரப்பி மூடி வையுங்கள். அடுப்புக்கு மேல் அலமாரி, கண்ணாடி ஜாடி, ஜன்னலோரம் மூன்றும் எண்ணெய்க்கு ஆகாதவை.

பாக்கெட்டில் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. "கலப்பு எண்ணெய்" என்றால் எது எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். முன்னால் நிலக்கடலைப் படமும் பின்னால் முக்கால் பங்கு வேறு எண்ணெயும் இருக்கலாம். நல்லெண்ணெய் அடுக்கில் மலிவாக நிற்பது தீபம் ஏற்ற மட்டுமான எண்ணெயாக இருக்கும். உணவு எண்ணெயில் பதினான்கு இலக்க உரிம எண் இருக்கும், இதில் இருக்காது. எண்ணெயை ஹைட்ரஜனேற்றிக் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரி முதல் எண்ணெயிலும் வனஸ்பதியிலும் 2 சதவீத வரம்பு உள்ளது. அதனால் டால்டா பயம் பழைய அளவுக்கு இல்லை. ஆனாலும் பஃப்ஸ், கிரீம் பிஸ்கட் உறையில் "ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு" என்ற சொல் இருந்தால் அடிக்கடி வாங்காதீர்கள். டிரான்ஸ் குறைந்தாலும் அந்த இடத்தை நிரப்புவது பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்புதான்.

நம் உணவில் உண்மையாகவே குறைவாக இருப்பது ஒமேகா 3 வகைக் கொழுப்பு. விலை உயர்ந்த மீன் தேவையில்லை. மத்தியும் கானாங்கெளுத்தியும் வாரம் இரண்டு முறை போதும். குழம்பாக வையுங்கள், முக்கி எடுத்துப் பொரித்தால் நோக்கமே கெடும். சைவர்கள் ஆளிவிதையை லேசாக வறுத்துப் பொடித்து, நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி இட்லிப் பொடியிலோ மோரிலோ சேர்க்கலாம். முழு விதை செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். பொடி சீக்கிரம் சிக்கு பிடிக்கும், பத்து நாளுக்கு ஆகும் அளவு மட்டும் திரித்துக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

இந்தக் குறைப்புக் கணக்கெல்லாம் இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்குப் பொருந்தாது. தாய்ப்பாலின் கலோரியில் பாதியளவு கொழுப்பிலிருந்தே வருகிறது; இணை உணவு தொடங்கும்போது மசித்த பருப்புச் சோற்றில் அரை தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ விடுவது அவசியம். கொஞ்சமே சாப்பிடும், எடை குறைந்துகொண்டே போகும் முதியவரின் தட்டிலிருந்தும் நெய்யைப் பறிக்காதீர்கள். டிரைகிளிசரைடு மட்டும் கூடியிருந்தால் முதலில் குறைக்க வேண்டியது சர்க்கரை, வெள்ளைச் சோற்றின் அளவு, மது. அதுவே 500-ஐத் தாண்டிவிட்டால் கணைய அழற்சி வரும் ஆபத்து உண்டு. அப்போது எண்ணெயையும் மருத்துவர் சொல்லும் அளவுக்கு வெகுவாகக் குறைக்க வேண்டியிருக்கும்.

மறுபரிசோதனைக்கு அவசரப்பட வேண்டாம். சமையலை மாற்றியதன் பலன் தாளில் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதே பரிசோதனைக் கூடத்தில், அதே மாதிரி வெறும் வயிற்றில் கொடுத்தால் ஒப்பிட வசதி. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவர்கள் எண் இறங்கியதும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. இறங்கியதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, எண்ணெயின் பங்கு எவ்வளவு என்று அந்தத் தாளில் எழுதியிருக்காது.